ரவுண்டுச் சப்பாத்து

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் ஒவ்வொரு தாதிக்கும் இரண்டு சோடிக் காலணிகள் இருந்தன. ஒன்று வேலைக்கு, மற்றது மேற்றனுக்கு.

வேலைக்கு இறப்பர் செருப்பு. விரலெல்லாம் வெளியே தெரிகிற, தண்ணீரில் நடந்தாலும் கவலையில்லாத சாதாரணச் செருப்பு. மேற்றனுக்கு வெள்ளைச் சப்பாத்து. முன்பக்கம் மூடிய, நாடா கட்டுகிற தோல் சப்பாத்து. சீருடையோடு அதைத்தான் போட வேண்டும் என்பது சட்டம். அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி உடை மாற்றும் அறை லொக்கரில் வைத்திருப்போம். காலை ஒன்பதரைக்கு, தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேற்றன் வாட்டுகளைப் பார்க்க ரவுண்டு கிளம்புவார். அவர் பக்கத்து வாட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் சிற்றூழியர் அக்கா வாளியை டொக்கென்று தரையில் வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஆறு பேரும் போட்டது போட்டபடி கிடக்க ஓடிப்போய்ச் சப்பாத்துக்குள் காலை நுழைப்போம். மேற்றன் படியிறங்கியதும் மறுபடி செருப்பு. எங்களுக்குள் அதற்குப் பெயரே ரவுண்டுச் சப்பாத்து.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. மாரி தொடங்கினால் அந்த வாட்டுத் தரை காய்வதே இல்லை. கூரை ஒழுக்கு ஒரு பக்கம், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் குடைத் தண்ணீர் ஒரு பக்கம், அடிக்கடி துடைக்கிற மருந்துத் தண்ணீர் இன்னொரு பக்கம். அந்த ஈரத்தில் தோல் சப்பாத்து ஒரு மாரிகூடத் தாங்காது, அடி பிளந்து வாயைத் திறந்துவிடும். நனைந்த காலுறையோடு நாள் முழுக்க நின்றால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். போதாததற்கு, வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். வருத்தக்காரர் படுத்திருக்கிற இடத்தில் சப்பாத்தோடு டக்கு டக்கென்று நடப்பது ஏதோ திமிர் மாதிரியும் பட்டது. காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். ஊசியோ கத்தியோ கை நழுவினால் நேராகக் காலுக்குத்தான் வரும், மூடிய சப்பாத்து இல்லாமல் கட்டிலுக்குக் கிட்டவும் போகாதீர்கள் என்பேன். சொல்லும்போது என் காலில் இருந்தது செருப்பு. அந்தப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் தலையாட்டினார்கள்.

அந்த மாரியில் என் மகளுக்கு எட்டு மாதம். பிரசவ விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. கல்லடியில் எங்கள் வீடு. காலையில் பால் கொடுத்துவிட்டு, பிள்ளையை மாமியின் கையில் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். வீடு திரும்பியதும் சீருடையைக் கழற்றி, குளித்து, தலை ஈரம்கூடக் காயும் முன் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வேன். நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு நேரத்துக்காகத்தான்.

அன்று மேற்றன் வந்து போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் சப்பாத்தைக் கழற்றிச் செருப்புக்கு மாறியிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் மாங்கேணியிலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதிருக்கும். காய்ச்சல் விட்டும் விடாமலும் ஒரு கிழமையாகப் படுத்திருந்தார். பரிசோதனைக்காக அவரிடம் இரத்தம் எடுத்தேன். எடுத்த ஊசியை உடனே மஞ்சள் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி வாட்டின் மறு கோடியில் இருந்தது. கட்டில் விளிம்பில் இருந்த ட்ரேயில் அதை வைத்துவிட்டு அவர் கைக்குப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"மிஸி, என்னை எப்ப விடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே மனுசன் சடாரென்று எழும்பி உட்கார்ந்தார். முழங்கால் ட்ரேயில் இடித்தது.

குனிந்து பார்த்தேன். என் வலது காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், ஊசி நட்டுவைத்தது போல நின்றது. வலி இருந்ததாக ஞாபகம் இல்லை. அதைப் பிடுங்கிய பிறகு சின்னதாய் ஒரு பொட்டு இரத்தம் மேலே வந்தது. 

"மிஸி, காலில குத்திட்டா?"

"ஒண்டுமில்ல ஐயா. நீங்க படுங்க."

"இரத்தம் வருதே மிஸி."

"ஒண்டுமில்ல எண்டு சொல்றன்தானே!"

அவர் பயந்துபோய்ப் படுத்துவிட்டார். நான் குழாயடிக்குப் போய்க் காலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். உடனே போய்ச் சொல்ல வேண்டும். யாருடைய இரத்தமோ அவரிடம் கேட்டு அவருடைய இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். தேவையென்றால் மாத்திரை தொடங்குவார்கள், எவ்வளவு வெள்ளெனத் தொடங்கினால் அவ்வளவு நல்லது. இதையும் நான்தான் பாடம் எடுத்திருக்கிறேன்.

போகவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. சம்பவம் நடந்தபோது அணிந்திருந்த பாதணி என்ன? செருப்பு என்று எழுதினால் என்னோடு போகாது. ஆறு பேரின் ரவுண்டுச் சப்பாத்துக் கதையும் வெளியே வரும், வாளியை வைக்கிற அக்காவும் மாட்டுவார். மேற்றனுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதை நினைத்தேன். எல்லாருடைய சாபமும் எனக்குத்தான் என்று நினைத்தேன். காலைத் துடைத்து, பஞ்சு வைத்து, லொக்கரைத் திறந்து ரவுண்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். மிச்ச வேலை நேரம் முழுக்க அதைக் கழற்றவில்லை. என்ன புதினம், இன்றைக்குச் சப்பாத்தோடயே நிக்கிறா என்று ஒருத்தி கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். குளித்தேன். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மாமியின் இடுப்பிலிருந்து பாய்ந்து வந்தாள்.

இரத்தத்தால் பரவுகிற நோய்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஒன்றுக்குத்தான் எனக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. மற்றவற்றுக்கு இல்லை. எச்.ஐ.வி. என்கிற மூன்று எழுத்தும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை மார்பில் வாயை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. ஒரே நாளில் நோய் பாலுக்கு வராது என்று படித்திருக்கிறேன். படித்த நான் ஒரு பக்கம் இருக்க, தாயான நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கொடுக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து கொடுத்தேன். இதைவிடக் கேவலமாக எதையும் நான் செய்ததில்லை. விடியற்காலையில் அவள் சிணுங்கியபோது இன்னொரு தரமும் கொடுத்தேன்.

காலையில் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என்னால் தாங்க முடியவில்லை. வாவி சேற்று நிறத்தில் பொங்கிக் கிடந்தது. என்ன ஆனாலும் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலோரக் கட்டிலைத்தான் பார்த்தேன். விரிப்பு உரித்து, மெத்தை வெறுமையாகக் கிடந்தது.

"அந்த ஐயா எங்க அக்கா?"

"அவர் விடியவே தன்ட பொறுப்பில போறனெண்டு கையெழுத்து வச்சிட்டுப் போயிட்டார். காட்டுச் சேனைப் பயிருக்க ஆனை வருதாம், சோளத்தக் காக்க ஆளில்லயாம். சொன்னாக் கேக்கிற மனுசனா அது" என்றார் அக்கா.

 நேற்றுப் பத்து மணிக்கு அந்த மனுசன் எனக்கு முன்னால் படுத்திருந்தார். காலில குத்திட்டா என்று தானாகவே கேட்டார். அப்போது வாயைத் திறந்திருந்தால் மத்தியானத்துக்குள் எல்லாம் தெரிந்திருக்கும். நான் எடுத்த இரத்தம் காய்ச்சல் பரிசோதனைக்குப் போய் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தாலும் அவருடைய சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாது.

தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான தாதி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அறைக்குள் போய் ஊசி குத்தினதைச் சொன்னேன்.

"எப்ப?"

"நேத்து. பத்து மணி இரிக்கும்."

"நேத்தா? இவ்வளவு நேரமும் என்ன செஞ்ச நீங்க?" படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். "காலில என்ன போட்டிருந்தீங்க?"

"சப்பாத்து."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சப்பாத்துக்குள்ளால போனதா? அப்ப அதைக் கொண்டு வாங்க, நான் பாக்கணும். எல்லாரும் போடுற சப்பாத்து அது. ஊசி போற தோல் எண்டா மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்."

உடை மாற்றும் அறைக்குப் போய் லொக்கரைத் திறந்தேன். சப்பாத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை வேண்டும். நான் என்ன செய்தேன் என்று நினைக்க இப்போதும் கூசுகிறது. அதே அளவில் ஒரு புது ஊசியை எடுத்து வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சப்பாத்தை மடியில் வைத்து, விரல் இருக்கிற இடத்தில் குத்தினேன்.

ஊசி வளைந்தது. இன்னொன்று எடுத்து வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன், அதுவும் வளைந்தது. மூன்றாவதைக் குத்தவில்லை. சப்பாத்தைத் தரையில் வைத்துவிட்டு எழும்பி நின்று, ட்ரே இருந்த உயரத்திலிருந்து ஊசியை அதன்மேல் விழவிட்டேன். டிக் என்று பட்டுத் தெறித்துப்போய்ச் சுவரோரம் விழுந்தது. எடுத்து மறுபடி விட்டேன். மறுபடியும் தெறித்தது. எத்தனை தரம் செய்தேனோ தெரியாது. குனிந்து தோலைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை.

நான் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் உண்மை. அதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை என்பது அந்தத் தரையில் குந்தியிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நேற்று இது காலில் இருந்திருந்தால் நான் ஊசியைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்தும் போயிருப்பேன்.

சப்பாத்தையும் வளைந்த ஊசிகளையும் கொண்டுபோய் அந்தத் தாதியின் மேசையில் வைத்தேன். "போகுதில்ல" என்றேன். "நான் செருப்புத்தான் போட்டிருந்தன்."

அவர் திட்டவில்லை. படிவத்தில் ஒரு சொல்லை வெட்டி, இன்னொன்றை எழுதினார். பிறகு எழும்பிப் போய் மேற்றனைக் கூட்டி வந்தார்.

மேற்றன் வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வாளிச் சத்தத்தைத் தவிர. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் ரவுண்டு வரக்குள்ள நிலம் நனைஞ்சு கிடக்கும். உங்கட சப்பாத்தெல்லாம் காஞ்சு பளபளவெண்டு கிடக்கும். எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க? நானும் வாட்டில வேலை செஞ்ச ஆள்தான் புள்ள. எங்களுக்கு வாளி இல்ல, நாங்க கதவத் தட்டுவம்."

எனக்கு ஆத்திரம் ஏறியது. தெரிந்துகொண்டா இத்தனை நாளும் சப்பாத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனீர்கள்? தரையைக் காயவைக்க ஒரு வழி பார்த்திருக்கலாமே! வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பதும் தெரிந்தது. மேற்றன் எழும்பி என்னை டொக்டரிடம் கூட்டிப் போனார்.

டொக்டர் அன்றே மாத்திரை தொடங்கினார். நான்கு கிழமை, இருபத்தெட்டு நாளும் விடாமல் போட வேண்டும். பிறகு அவர் கேட்டார், "பிள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களா?"

"ஓம்."

"அவர்ட இரத்தத்தப் பாக்கும் வரைக்கும் குடுக்க வேணாம்."

"நேத்துப் பின்னேரமும் இண்டைக்கு விடியவும் குடுத்திட்டன் டொக்டர்."

அந்த இரண்டு தரமும் ஒன்றும் செய்யாது, அவ்வளவு கெதியாக வராது என்று அவர் விளக்கமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்ப பிள்ளைக்கு?"  மாமி பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அன்றைக்கே போத்தலும் பால்மாவும் வாங்கி வந்தோம்.

மறுநாளே கணவர் மோட்டார் சைக்கிளில் மாங்கேணிக்குப் போனார். அந்த ஐயாவின் வீட்டில் மனைவி மட்டும்தான் இருந்தாராம். கடல் மூசிக் கிடப்பதால் தொழில் இல்லை, சோளச் சேனைக் காவலுக்குக் காட்டுப் பக்கம் போய்விட்டார், அங்கே போன் எடுக்காது, வெள்ளம் வழியை மூடியிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கணவர் மறுபடி போனார். அதே பதில். காட்டுக்குள் காய்ச்சலோடு போன மனுசன், ஆனை நிற்கிற இடம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு எப்போதுமே தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். அவருக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மாத்திரை குடலைப் பிரட்டியது. தின்றதெல்லாம் வெளியே வந்தது. பால் கட்டி மார்பு கல்லாகக் கனக்கும். பால் வற்றாமல் இருக்க நேரத்துக்கு நேரம் பீச்சி எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். குளியலறையில் நின்று பீச்சுவேன், அது போவதைப் பார்க்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுவேன். நாலாம் ஐந்தாம் நாளிலிருந்து சாப்பாடும் தூக்கமும் இல்லாத உடம்பில் அதுவும் குறையத் தொடங்கியது. வாட்டில் ஒரு தரம், வீட்டில் ஒரு தரம் என்று ஆகி, சில நாள் சத்தி எடுத்த களைப்பில் அதையும் விட்டுவிட்டேன்.

பிள்ளை போத்தலைத் தட்டிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். மாமி ஒரு நாள் மெதுவாகச் சொன்னார், "நீ அங்கால போ புள்ள. உன்ட மணத்துக்குத்தான் அழுறாள்." நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். உள்ளே அவள் கத்துவது கேட்டது, மழையில் நின்றேன், பிறகு கத்தல் அடங்கியது. அடங்கியதும் அதைவிடப் பயமாக இருந்தது. அவளுடைய உடம்பில் ஒரு சின்னச் சிவப்பைக் கண்டாலும் எனக்கு உயிர் போய்விடும். கன்னம் கொஞ்சம் சுட்டால் காய்ச்சல் பார்க்கிற கருவியை எடுப்பேன். ஒரே நாளில் ஏழெட்டுத் தரம் பார்த்திருக்கிறேன். கணவர் அதைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். நான் கதிரை போட்டு ஏறி எடுத்தேன்.

வாட்டில் எல்லாரும் இப்போது சப்பாத்தோடு நடந்தார்கள். தரை ஈரம் அப்படியேதான் இருந்தது. ஒருத்தி மட்டும் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். சிற்றூழியர் அக்கா லொக்கர்களுக்கு அடியில் கிடந்த செருப்புகளையெல்லாம் சாக்கில் அள்ளிக் கட்டினார். ஒன்பதரைக்கு வாளியைச் சத்தமில்லாமல் வைத்தார். நான் கட்டிலுக்குக் கட்டில் போகும்போது என் கால் தானாகவே பின்னுக்கு இழுத்தது.

பதினோராம் நாள் காலை வாட்டு வாசலில் அந்த ஐயா நின்றார். இடுப்பில் நனைந்த சாரம், மெலிந்துபோன முகம், கழற்றிய செருப்பு கையில். முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"இராத்திரித்தான் வீட்ட வந்த நான். மனிசி சொல்லித்தான் தெரியும்" என்றார். கையை நீட்டினார். "எடுங்க மிஸி, எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்க."

நான் எடுக்கவில்லை. வேறு தாதி வந்து எடுத்தார். ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நான் கேட்ட நான்தானே மிஸி. ஒண்டுமில்ல எண்டு ஏசினீங்க. சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டன்."

 மன்னியுங்க ஐயா என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

ஆய்வுகூட வாசலில் வாங்கில் இருந்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழும்பினேன். கடைசியில் தொற்றுத் தடுப்புத் தாதி முடிவுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே வந்தார். "ஒண்டுமில்ல புள்ள. எல்லாம் சுத்தம். ஒண்டுமே இல்ல." நான் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். டொக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பால் கொடுக்கலாம் என்றார். எதற்கும் மூன்று மாதத்தில் என் இரத்தத்தையும் ஒரு தரம் பார்ப்போம் என்றார். நான் மேற்றனிடம் கேட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வீட்டுக்கு ஓடினேன்.

குளித்தேன். பாயில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுச் சட்டையைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். மார்பைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், விளையாட்டுச் சாமானைத் தட்டுவது போல. வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி திருப்பினேன். முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அமுக்கிப் பார்த்தேன், இரண்டு மூன்று துளிதான் வந்தது.

"விடு புள்ள, நாளைக்குக் குடிப்பாள்" என்றார் மாமி. போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

போத்தலைக் கண்டதும் அவள் அழுகையை நிறுத்தி இரண்டு கையையும் நீட்டினாள். பிடித்துக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்காமல், கடைசிவரை குடித்தாள். மறுநாளும் முயன்றேன், அதற்கு அடுத்த நாளும் முயன்றேன். என்னிடம் அவள் பிறகு பால் குடிக்கவே இல்லை.